நாற்பத்தொன்றாம் வில்லை

தீர்ப்பு வந்து இருநூற்றுப் பதினோரு நாட்கள் ஆகியிருந்தன. மீதி ஐந்நூற்றுப் பத்தொன்பது. வேலம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண்ணத் தெரியும். அறைக்கதவின் பின்புறத்தில் அடுப்புக்கரியால் ஒரு நாளைக்கு ஒரு கோடு இழுத்து வந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவள் பயறுக் கொட்டகையில் இருந்தாள். கப்பலுக்குப் போகும் வெள்ளைப் பயற்றில் கல்லும் கறுப்பும் இருக்கக் கூடாது. நாற்பது பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் பயற்றைப் பரப்பி, இரண்டு கையாலும் பொறுக்குவார்கள். பேச்சு நடக்கும், கை நிற்காது. வேலம்மாவின் மூன்று மாதக் குழந்தை உத்தரத்தில் கட்டிய தூளியில் தூங்கியது. டிசம்பர் மாதம். காலையில் ரங்கூன் ஆற்றிலிருந்து குளிர் ஏறி வரும். பதினோரு மணிக்கெல்லாம் கூரைத் தகரம் சுட ஆரம்பித்துவிடும்.

வக்கீல் குழந்தைவேலுவின் குமாஸ்தா தஸ்தகீர் வாசலில் குடையை மடக்கினார். உள்ளே வராமல் தூசிக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"வேலம்மா, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வாசகசாலை மண்டபத்துக்கு வந்துரணும். ஐயாவுக்கு வரவேற்பு. நீதான் மாலை போடுற."

"நான் எதுக்கு பாய்?"

"நீ இல்லாம ஐயா எப்படி கவுன்சில் மெம்பர் ஆனாரு?"

பக்கத்தில் இருந்த கனகாம்பாள் தலை நிமிராமல் சொன்னாள்: "அப்ப இவளையே கவுன்சிலுக்கு அனுப்புங்க பாய். பயறு பொறுக்கின கை. அங்க கெடக்குற நாலு கல்லையாவது பொறுக்கிப் போடும்."

பெண்கள் சிரித்தார்கள். தஸ்தகீரும் பொத்திய கைக்குள் சிரித்தார்.

"மனு என்னாச்சு பாய்?" என்றாள் வேலம்மா.

"எந்த மனு?"

"கவர்னருக்கு எழுதினது. ஆடி மாசம் கைநாட்டு வச்சேனே."

தஸ்தகீர் குடையின் பித்தானைப் போட்டார், எடுத்தார். "ஐயாகிட்ட இருக்கு. சனிக்கிழமை வீட்டுக்கு வா. அம்மா உனக்குச் சேலை எடுத்து வச்சிருக்காங்க. அப்ப ஐயாவையே கேட்டுக்க."

அவர் போனதும் கனகாம்பாள் முறத்தைத் தட்டினாள். "சேலையாம்" என்றாள்.

*

நடந்தது இவ்வளவுதான்.

துறைமுக ஜெட்டியில் மூட்டை தூக்கும் கும்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. பெயருக்கு எதிரே, ஜெட்டி முழுவதற்கும் பொதுவான வரிசையில் ஓர் எண். அந்த எண் பொறித்த பித்தளை வில்லையைக் கூலி கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒருவன் ஊருக்குக் கப்பலேறினால் வில்லையை மேஸ்திரியிடம் கொடுப்பான். மேஸ்திரி அதை அடுத்தவன் கழுத்தில் மாட்டுவான். புதுப் பெயர் எழுத வேண்டுமென்றால் கம்பெனி ஆபீஸ், டாக்டர் பரிசோதனை என்று நான்கு நாள் கெடும். ஆகையால் பட்டியலை யாரும் தொடுவதில்லை. வந்தவன் போனவனுடைய பெயருக்கு 'இருக்கேன்' என்று குரல் கொடுப்பான். வேலம்மாவின் புருஷன் சேர்ந்த கும்பலில் முப்பத்திரண்டு பேர். பத்தொன்பது பேர் வேறு யாரோ. அவர்களில் மூன்று பேர் எப்போதோ ஊரில் செத்துப்போனவர்கள். இங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்தொன்றாம் எண் செல்லக்கண்ணுவுடையது. அவன் ஒரு சாயங்காலம் மூட்டைக் கணக்கெழுதும் கிளார்க்கைக் கொக்கியால் தலையில் அடித்தான். மறுநாள் விடியற்காலைக் கப்பலுக்கு முன்பே டிக்கெட் எடுத்திருந்தான், போய்விட்டான். அவனுடைய வில்லை வேலம்மாவின் புருஷனுக்கு வந்தது. அதுவரை அவன் ஆற்றுக்கு அக்கரையில், சிரியம் எண்ணெய் ஆலையில் தகரம் அடைக்கிற வேலையில் இருந்தான். ஜெட்டியில் இரண்டு நாள் அந்தப் பெயருக்கு 'இருக்கேன்' என்றான். மூன்றாம் நாள் போலீஸ்காரர் வந்து அதே பெயரைக் கூப்பிட்டார். அதற்கும் 'இருக்கேன்' என்றான்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்த கிளார்க் தன்னை அடித்தவனின் எண்ணைச் சொன்னார். முகம் தெரியுமா என்று கேட்டதற்கு, தெரியாது என்றார். முகத்தைப் பார்த்து எந்தக் கிளார்க்கும் மூட்டை எழுதுவதில்லை.

*

குழந்தைவேலுவின் வாழ்க்கையை அவரே அச்சிட்டு வைத்திருந்தார். எட்டுப் பக்கம். தேர்தலின்போது இலவசமாகக் கிடைத்தது. 'வறுமையில் பிறந்து' என்று ஆரம்பிக்கும். அவருடைய அப்பா கெமெண்டைன் அரிசி ஆலையில் எடை போடும் கணக்கர். சொந்தமாக இரண்டு வீடு இருந்தது. மகன் மிஷன் பள்ளியில் படித்தார், காலேஜில் படித்தார், சென்னைக்குப் போய் பி.எல். முடித்துத் திரும்பினார். ஐந்து வருஷம் கோர்ட்டு வராந்தாவில் நின்றார். புத்தகத்தில் அந்த ஐந்து வருஷம் இல்லை.

வக்கீல் தொழில் வராது என்று தெரிந்ததும் பொதுத்தொண்டு செய்தார். முனிசிபாலிட்டியில் மெம்பராகி, மூன்று வருஷத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் வாங்கிக்கொடுத்தார். அது அவர் வீட்டுத் தெருமுனையில் இருக்கிறது. ஏழைகள் என்று சொல்லும்போது வலக்கையை நெஞ்சில் வைப்பார்; அவர்கள் எதிரில் வந்தால் அதே கையில் கைக்குட்டை இருக்கும். ரங்கூனில் ஓட்டு கப்பல் காண்ட்ராக்டர்களிடமும் கடைக்காரர்களிடமும் இருந்தது. கூலிகளிடம் கைதட்டல் இருந்தது. அவருக்கு இரண்டும் தேவைப்பட்டன. செல்லக்கண்ணு வழக்கை ஒரு காசு வாங்காமல் எடுத்துக்கொண்டார்.

முதல் நாளே வேலம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பக்கத்து அறையில் இருக்கும் மதீனா பீவி துணைக்குப் போயிருந்தாள். புருஷன் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்தபோது வேலம்மா வாயை மூடிக்கொண்டாள். அவளுக்காக மதீனா பீவி சொன்னாள். குழந்தைவேலு அதைக் காகிதத்தில் எழுதவில்லை.

"இதை வெளிய சொல்லாதம்மா. ஆள் மாறாட்டம்னு புதுக் கேஸ் வரும். குத்தத்தை ஒப்புக்கிட்டா அபராதத்தோட முடிச்சிருவேன்."

அவள் புருஷன் ஒப்புக்கொண்டான். அதன் பிறகு சர்க்கார் வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்து, செல்லக்கண்ணு ஏற்கெனவே இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவன் என்று படித்தார். வில்லையோடு அதுவும் வந்திருந்தது. குழந்தைவேலு அதை அப்போதுதான் கேள்விப்பட்டார். உடனே இரக்கத்துக்காகச் சாட்சி என்று வேலம்மாவைக் கூண்டில் ஏற்றினார். அவளுக்கு அப்போது ஐந்து மாதம்.

உன் புருஷன் பெயர் என்ன என்று துபாஷி கேட்டார். வேலம்மா பேசவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்தப் பெயரை அவள் சொன்னதில்லை. அவளுடைய அம்மாவும் தன் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. செல்லக்கண்ணுதானே என்று துபாஷி எடுத்துக்கொடுத்தார்.

"அந்தப் பேரு இல்லீங்க" என்றாள்.

துபாஷி அதை மொழிபெயர்ப்பதற்கு முன்னால் குழந்தைவேலு எழுந்தார். வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டைப் பார்த்து இருபத்தைந்து நிமிஷம் இங்கிலீஷில் பேசினார். இந்துப் பெண்ணின் கற்பைப் பற்றிய பேச்சு அது. இவள் கணவனின் பெயரை உச்சரிக்க அஞ்சி, அது அவன் பெயரே அல்ல என்றுகூடச் சொல்லத் துணிகிறாள். உலகத்தில் வேறு எந்த நாட்டில் இது உண்டு என்று கேட்டார். குமாஸ்தாக்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு வருஷம் கடுங்காவல் என்றார்.

பேச்சு மூன்று பத்திரிகையில் வந்தது. பிறகு அது துண்டுப் பிரசுரமாக வந்தது. மேலே ஒரு பெண்ணின் படம், பெரிய மூக்குத்தியோடு. வேலம்மாவுக்கு மூக்கு குத்தவில்லை. தண்டனையைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. படித்தவர்கள் கேஸ் ஜெயித்ததாகவே நினைத்தார்கள்.

புரட்டாசியில் குழந்தை பிறந்தது. பிறப்பு எழுதுகிற ஆபீஸில் தகப்பன் பெயர் கேட்டார்கள். வேலம்மா சும்மா நின்றாள். குமாஸ்தா அவளிடமிருந்த கோர்ட்டுக் காகிதத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார். பெண் குழந்தை, தகப்பன் செல்லக்கண்ணு.

*

வியாழக்கிழமை ஜெயிலில் பார்க்கிற நாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கால் மணி நேரம். மதீனா பீவி இடியப்பம் அவித்துப் பொட்டலம் கட்டிக்கொடுத்தாள். ஜெயில் வாசலிலேயே வார்டர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வார்டர் உள்ளே பார்த்து "செல்லக்கண்ணு" என்று கத்தினான்.

"இருக்கேன்."

இரட்டைக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் வந்து நின்றான். செக்கில் போட்டிருந்தார்கள். மாட்டுக்குப் பதிலாக நான்கு பேர் தள்ள வேண்டும். தோள் எலும்பு தெரிந்தது. பேசுவதற்கு முன்னால் இருமினான்.

"புள்ளையைத் தூக்கிக் காட்டு."

காட்டினாள்.

"என்னை மாதிரி இல்லையே."

"நெத்தி உங்க நெத்திதான்."

"அப்ப சரி." மறுபடி இருமினான். கையைத் துடைத்துப் பின்னால் மறைத்துக்கொண்டான். அவள் பார்த்துவிட்டாள். சிவப்பாக இருந்தது.

"டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். சீட்டுல செல்லக்கண்ணுக்கு இருமல்னு எழுதியிருக்கான். அவன் ஊருல நல்லாத்தான் இருப்பான்." சிரித்தான். "வக்கீல் என்ன சொல்றாரு?"

"சனிக்கிழமை வரச் சொல்லியிருக்காரு."

"ஐந்நூறு நாளு தாங்காது வேலம்மா. நூறு தாங்கினா பெரிசு." இதைக் கூலிக் கணக்குச் சொல்வது போலச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இங்க எல்லாரும் அந்தப் பேரச் சொல்லியே கூப்பிடுறானுங்க. தூக்கத்துல கூப்பிட்டாலும் எந்திரிக்கிறேன். என் பேரு எனக்கே மறந்திரும்போல. நீ ஒரு தரம் சொல்லேன்."

"போங்க."

"யாரு கேக்கப் போறா?"

அவள் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டாள். வாய் திறந்தது. வார்டர் தடியால் தட்டி, நேரம் ஆயிற்று என்றான்.

*

சனிக்கிழமை குழந்தைவேலு வீட்டு ஹாலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். தையல்காரர் புதுக் கோட்டுக்குக் கடைசி அளவு பார்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய ஊசி. வேலம்மா கதவோரம் நின்றாள்.

"வாம்மா. குழந்தை சௌக்கியமா?"

"அவரு ரத்தம் துப்புறாருங்க ஐயா. மனு குடுத்தாச்சுங்களா?"

"கவுன்சில் இன்னும் கூடலையே."

"கவர்னருக்குத்தானே எழுதினீங்க. கவுன்சிலுக்கு இல்லையே."

தையல்காரர் அக்குளில் ஊசி குத்தினார். குழந்தைவேலு நெளிந்தார்.

"இந்தா பாரு. மனு போட்டா முதல் கேள்வி என்ன வரும் தெரியுமா? குத்தத்தை ஒப்புக்க வச்ச வக்கீல் யாருன்னு. அப்புறம் என் பேச்சை எவன் மதிப்பான்? நான் மெம்பரா இருந்தாத்தானே உங்களுக்கெல்லாம் நல்லது செய்ய முடியும்?"

"அந்தச் சாயங்காலம் அவரு சிரியத்துல இருந்தாருங்க. ஆலை வாசல் ரிஜிஸ்தர்ல அவரு பேரு இருக்கு."

"இருக்கட்டும். அங்கயே இருக்கட்டும். அந்தப் பேரு வெளிய வந்தா கும்பலையே கலைச்சிருவான் காண்ட்ராக்டர். பத்தொம்பது வீட்டுல அடுப்பு எரியாது. உனக்குச் சம்மதமா? சொல்லு, நாளைக்கே எழுதுறேன்."

வேலம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா" என்றார் அவர். கை விரித்தபடியே இருந்ததால், அவளை ஆசீர்வதிப்பது போல இருந்தது.

சமையலறையில் அவருடைய மனைவி கமலாட்சி புதுச் சேலையையும் ஒரு தம்ளர் காப்பியையும் கொடுத்தாள். வேலம்மா குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

"மனு எங்க இருக்குன்னு கேட்டியே. எனக்குத் தெரியும்."

"எங்கங்கம்மா?"

"மேஜை ஆடுதுன்னு காலுக்கு அடியில மடிச்சு வச்சிருக்காரு. உன் கைரேகை மேல தெரியுது. நான் ரெண்டு தரம் எடுத்து வெளிய வச்சேன். ரெண்டு தரமும் மேஜை ஆடுதுன்னு திரும்ப வச்சாரு." கமலாட்சி தம்ளரை வாங்கிக் கழுவினாள். "நாளைக்கு மேடையில உன்கிட்ட ஒரு கேள்வி கேப்பாரு. கண்ணாடி முன்னால நாலு நாளா ஒத்திகை நடக்குது. நீ தலையக் குனிஞ்சு நிக்கணும். அவ்வளவுதான் உன் வேலை."

"என்ன கேள்விங்கம்மா?"

"கோர்ட்டுல கேட்ட அதே கேள்வி."

*

சாயங்காலம் வேலம்மா கனகாம்பாள் வீட்டுக்குப் போனாள். கனகாம்பாள் ஙாப்பி என்கிற பர்மிய மீன் விழுதைச் சுட்டு மிளகாயோடு அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மூன்று வருஷமாகச் செத்தவன் ஒருவனுடைய வில்லையில் மூட்டை தூக்குகிறான்.

வேலம்மா நடந்ததைச் சொன்னாள். கனகாம்பாள் அம்மியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"நீ வாயத் தொறந்தா எங்க சோத்துல மண்ணு."

"ஆமா."

"ஒரு மாசம் கஷ்டப்படும். தை பொறந்தா அரிசி ஆலை தொறக்கும்." கொஞ்ச நேரம் அரைத்தாள். "சொல்லுன்னும் என் வாயால வராது, சொல்லாதன்னும் வராது. என்னை எதுக்குடி கேக்குற?"

வேலம்மா எழுந்தாள். கனகாம்பாள் ஒரு இலையில் ஙாப்பியை வழித்துக் கொடுத்தாள்.

"சோத்துக்குத் தொட்டுக்க. பால் குடுக்கிறவ, வெறும் வயித்தோட போகாத."

*

ஞாயிற்றுக்கிழமை. இருநூற்றுப் பதினாறாவது கோடு.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். முதல் வரிசையில் காண்ட்ராக்டர்கள், அடுத்து கடைக்காரர்கள், பின்னால் நின்றுகொண்டு கூலிகள். மேடையில் தலைமை வகித்தவர் ஊ பா தின், ஓய்வு பெற்ற பர்மிய ஜட்ஜ். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தமிழ்ச் சமையல்காரர்கள். தமிழ் ஓரளவு புரியும். பக்கத்தில் ஒரு பத்திரிகை நிருபர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். குழந்தைவேலு ஆள் இழுக்கும் லஞ்சா வண்டியில் வந்து இறங்கினார். கோட்டு சரியாக இருந்தது.

ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் அவரைச் சிங்கம் என்றார்கள். ஒருவர் இரண்டு முறை சொன்னார். எட்டாவதாக அவரே பேசினார். கவுன்சிலில் என்ன செய்யப்போகிறார் என்பதை ஒரு நிமிஷத்தில் முடித்துக்கொண்டு, கோர்ட்டில் பேசியதற்கு வந்தார். இப்போது தமிழில், முக்கால் மணி நேரம்.

"அந்தப் பத்தினி இதோ வந்திருக்கிறாள்" என்றார்.

மதீனா பீவி குழந்தையை வாங்கிக்கொண்டாள். வேலம்மா மாலையோடு மேடை ஏறினாள். புதுச் சேலை விறைப்பாக இருந்தது. குழந்தைவேலு மாலைக்குத் தலை குனியவில்லை. முதலில் கேள்வி என்று வைத்திருந்தார்.

"அம்மா, இத்தனை பெரிய சபையின் முன்னால் கேட்கிறேன். உன் கணவன் பெயர் என்ன?"

கேட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். வலக்கையை உயர்த்தி, விரல்களை விரித்து, மௌனத்தைக் கேளுங்கள் என்பது போல நின்றார். மௌனம் வந்தது. முதல் வரிசையில் ஒருவர் தலையை ஆட்டி ரசித்தார்.

வேலம்மா கொட்டகையின் அந்தக் கோடிக்குப் பேசுகிற குரலில் பேசினாள்.

"நாப்பத்தொண்ணு வில்லை அவரோடது இல்லீங்க."

உயர்ந்த கை அப்படியே நின்றது.

"கிளார்க்க அடிச்ச அன்னிக்கு அவரு சிரியத்துல இருந்தாரு. ஆலை வாசல் ரிஜிஸ்தர்ல எழுதியிருக்கு. வக்கீலய்யாவுக்கு இது முதல் நாளே தெரியும். மனு அவரு மேஜைக் காலுக்கு அடியில இருக்கு."

"உட்காரும்மா" என்றார் குழந்தைவேலு. "பாவம், துக்கத்தில் ஏதோ…"

"உள்ள ரத்தம் துப்புறவரு வேற ஆளுங்க."

பின்வரிசையில் கூலிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கை தட்டவில்லை. ஊ பா தின் தஸ்தகீரைக் கூப்பிட்டு, முழுவதும் தனக்குப் புரியவில்லை, சொல் என்று பர்மிய மொழியில் கேட்டார். தஸ்தகீர் தன் முதலாளியைப் பார்த்தார். பிறகு குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவள் சொன்னதை ஒரு வார்த்தையும் விடாமல் மொழிபெயர்த்தார். மேஜைக் காலையும் சேர்த்துத்தான். நிருபரின் பென்சில் ஓடியது.

ஊ பா தின் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பேர் என்ன?" என்று தமிழில் கேட்டார். பதில் தெரிய வேண்டும் என்பதற்காக ஒருவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வேலம்மா கூட்டத்தில் கனகாம்பாளைத் தேடினாள். கனகாம்பாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். வேலம்மா மாலையை மேஜைமேல் வைத்தாள்.

"நல்லையா" என்றாள்.